கூர்மானந்தரின் பட்டினி ஆமை

பலெர்மோ நகரத்தில், கபோச் சந்தைக்குப் பின்னால் ஒரு சந்து இருக்கிறது. அதில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் வயிற்றை உள்ளிழுத்து மற்றவருக்கு வழிவிட வேண்டும். கடந்த மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளில் வயிற்றை எவ்வளவு உள்ளிழுத்தும் வழி கிடைக்கவில்லை. அவ்வளவு சனம். கையில் பூ, கற்பூரம், எலுமிச்சம்பழம், முக்கியமாக இறால். சந்தையின் மீன் வியாபாரிகளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நத்தார்ப் பண்டிகை போய்விட்டது, உயிர்த்த ஞாயிறு இன்னும் வரவில்லை, இந்தத் தமிழர்கள் ஏன் இறால் பெட்டியைச் சுற்றி அடிபடுகிறார்கள் என்று தலையைச் சொறிந்துகொண்டே விலையை ஏற்றினார்கள்.

காரணம் ஓர் ஆமை. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் கறுப்பு ஆமை. சந்தின் கடைசியில், சன்னல் இல்லாத ஓர் அறையில், நீல நிறப் பிளாஸ்டிக் தொட்டியில் அது கிடந்தது. அதற்குத் 'தவக்கூர்மம்' என்று பெயர். அதன் பெருமை என்னவென்றால், அது சாப்பிடுவதில்லை. மார்கழி பிறந்த நாள் தொட்டு வாயைத் திறக்கவில்லை. பக்தர்களின் நன்மைக்காக விரதம் இருக்கிறதாம்.

சாப்பிடாமல் கிடப்பதற்குக் கும்பிடு விழும் என்றால், வன்னியில் போர்க்காலத்தில் நாங்கள் எல்லாரும் தெய்வமாக இருந்திருக்க வேண்டுமே என்று புஸ்பவதி நினைத்தாள். நினைத்தாளே தவிர வெளியில் சொல்லவில்லை. அவளுடைய கணவர் செல்வராசா பக்கத்தில் கண்ணை மூடிக் கைகூப்பி நின்றுகொண்டிருந்தார்.

ஆமைக்குப் பின்னால், காவி சுற்றிய சாய்மனைக் கதிரையில் கூர்மானந்த சுவாமிகள் வீற்றிருந்தார். சென்ற வருடம் வரை அவர் கிறிகோரி. புகையிரத நிலையத்து வாசலில் குடை விற்றவர். வருடத்தில் பாதிக்கு மேல் மழையே பெய்யாத ஊரில் குடை விற்க முடிவெடுத்த மனிதரிடம்தான் எங்கள் சனம் எதிர்காலத்தைக் கேட்கப் போனது. பறவைச் சந்தையில் பிளாஸ்டிக் தொட்டி வாங்கப் போனபோது ஆமையும் கூடவே வந்து சேர்ந்தது. இலையுதிர் காலம் முழுக்க அது ஒழுங்காகத் தின்றது. குளிர் வந்ததும் நிறுத்திக்கொண்டது. கிறிகோரி யோசித்தார். ஆமை சாப்பாட்டை நிறுத்திய கிழமையே அவர் சவரம் செய்வதை நிறுத்தினார். தாடியும் தவமும் ஒன்றாக வளர்ந்தன.

பூசை எளிமையானது. சுவாமிகள் ஓர் இறாலை வாலில் பிடித்து ஆமையின் மூக்குக்கு முன்னால் காட்டுவார். ஆமை மெதுவாகத் தலையைத் திருப்பிக்கொள்ளும். தலைமைப் பக்தை விமலராணி மணியை அடிப்பாள். "தொடேல்லை, தொடேல்லை" என்று சனம் உருகும். படைத்த இறாலையும் மீனையும் தானே கடலில் கொண்டுபோய் விடுவதாகச் சுவாமிகள் சொல்லியிருந்தார். தானும் ஆமையோடு சேர்ந்து பச்சைத் தண்ணீர் மட்டும்தான் குடிப்பதாகவும் சொல்லியிருந்தார். பச்சைத் தண்ணீரிலேயே அவருக்குக் கழுத்துக்கு மேல் இரண்டாவது நாடி முளைத்திருந்ததை ஒருவரும் கேட்கவில்லை.

பிறகு தரிசனம். ஆமையை வெளியே எடுத்து ஒவ்வொருவர் முகத்துக்கும் அருகில் கொண்டுபோவார். அந்தரத்தில் தூக்கியதும் ஆமை பயந்து, ஓட்டின் ஓரத்திலிருந்து ஒரு மஞ்சள் நீரைக் கசியவிடும். அறை முழுக்க ஒரு நாற்றம் எழும்பும். சாக்கடையில் போட்ட றப்பர் செருப்பை யாரோ கொளுத்தியது போன்ற நாற்றம்.

"இது தெய்வ வாசம்" என்பார் சுவாமிகள். "புண்ணியம் செய்தவைக்குச் சந்தனமா மணக்கும். பாவம் செய்தவைக்கு மட்டும்தான் நாறும். உமக்கு என்ன வாசம் பிள்ளை?"

"சந்தனம் சாமி" என்றாள் விமலராணி. கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்தது. பக்தி என்று சனம் எடுத்துக்கொண்டது.

"சந்தனம். கொஞ்சம் மல்லிகையும் கலந்து வருது" என்றார் அடுத்தவர், மூச்சை அடக்கிக்கொண்டு.

அதற்கடுத்த ஆள் கெட்டிக்காரர். "மணக்குது சாமி" என்று மட்டும் சொன்னார். எங்கள் ஊர்ப் பேச்சில் அந்தச் சொல் நல்லதுக்கும் வரும், கெட்டதுக்கும் வரும். பொய்யும் சொல்லவில்லை, பாவியும் ஆகவில்லை.

ஆமை புஸ்பவதியின் முகத்துக்கு வந்தது.

"உங்களுக்கு என்ன வாசம் அம்மா?"

"நாறுது" என்றாள் புஸ்பவதி.

மணி அடித்துக்கொண்டிருந்த கை நின்றது. சனம் விலகி அவளைச் சுற்றி ஒரு வட்டம் விட்டது. அந்தச் சந்துக்கு வந்த நாளிலிருந்து அவளுக்கு முதல் தடவையாக வசதியாக நிற்க இடம் கிடைத்தது.

ஒரேத்தோவிலுள்ள வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் செல்வராசா நாலடி முன்னாலேயே நடந்தார். கதவைத் திறந்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

"என்ர மானம் போச்சு. நீர் அங்கை அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாது."

"மூக்கிருக்கு. நாறினது. சொன்னன்."

"பாவம் செய்தவைக்குத்தான் நாறுமாம்."

"ஓம். உங்களைக் கட்டினதுதான் நான் செய்த பாவம். போய்க் காலைக் கழுவிப்போட்டு வாங்கோ, சாப்பிடுவம்."

"நான் சாப்பிடேல்லை" என்றார் செல்வராசா. "ஆமை விரதம் பிடிக்கிறன். நிரோசினியின்ர பெர்மெஸ்ஸோ வாறமட்டும்."

நிரோசினி அவர்களுடைய ஒரே மகள். அவளுடைய வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கக் கொடுத்து மாதக்கணக்காகிவிட்டது. குவெஸ்தூரா என்கிற பொலிஸ் அலுவலகத்தில் போய்க் கேட்டால் 'வேலை நடக்கிறது' என்கிறார்கள். ஊரில் எல்லாருக்கும் அதே பதில்தான். ஆனால் நிரோசினியின் பெர்மெஸ்ஸோவுக்கு மட்டும் கிரகதோசம் என்றும், பெற்றவர் ஆமையைப் போலக் கிடந்தால் அசையும் என்றும் சுவாமிகள் செல்வராசாவிடம் தனியாகச் சொல்லியிருந்தார். அந்த அலுவலகத்தை அசைக்க ஆமை வேகம்தான் பொருத்தம் என்று புஸ்பவதிக்குச் சிரிப்பு வந்தது. மறுகணம் சிரிப்பு நின்றுவிட்டது. செல்வராசாவுக்குச் சீனி வருத்தம். காலையும் மாலையும் நீரிழிவுக் குளுசை போடுகிறவர். வெறும் வயிற்றில் அதைப் போட்டால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

அவள் கெஞ்சினாள், ஏசினாள், மகளை விட்டு அழவைத்தாள். அவருக்குப் பிடித்த முருங்கைக்காய்க் கறியை வாசம் வரும்படி மூடாமல் வைத்தாள். அவர் ஆமையைப் போலவே தலையைத் திருப்பிக்கொண்டார்.

நடக்க வேண்டியது அந்தக் கிழமையே நடந்தது. செல்வராசா வேலை செய்வது லிபெர்த்தா வீதியில், ஒரு வசதியான இத்தாலியச் சின்ஞோராவின் வீட்டில். காலையில் அவளுடைய சடை நாயை வெளியே கூட்டிக்கொண்டு போனவர், திரும்பி வரும்போது லிப்டுக்குள் விழுந்துவிட்டார். விழுந்த மனிதரும் குரைக்கிற நாயுமாக அந்த லிப்ட் மேலே போனது, கீழே வந்தது. திறந்து பார்த்த முதல் கிழவி அலறிக்கொண்டு படிகளால் ஓடினாள். அடுத்ததாகத் திறந்தவள் மர்லேன்.

மர்லேன் மொரீசியஸ்காரி. அதே கட்டடத்தில் வேறொரு வீட்டில் சமைக்கிறவள். அவளுடைய பாட்டன் பூட்டன் எல்லாம் தமிழர்கள். அவளுக்குத் தெரிந்த தமிழோ இரண்டு தேவாரமும் சில கறிகளின் பெயர்களும்தான். ஆகவே அவளும் புஸ்பவதியும் இத்தாலியனில்தான் கதைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவளும் கணவனோடு ஆமை தரிசனத்துக்கு வருவாள். செல்வராசாவின் வாயில் சீனித் தண்ணீரை ஊற்றி, ஆம்புலன்சைக் கூப்பிட்டது அவள்தான்.

ஆஸ்பத்திரி வாசலில் புஸ்பவதி வந்து சேர்ந்ததும் மர்லேன் அவளை ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போனாள்.

"ஒன்று சொல்கிறேன், யாரிடமும் சொல்லாதே. அந்த ஆமை. பூத்சா."

பூத்சா என்றால் நாற்றம்.

"நீயும் சந்தனம் என்றுதானே சொன்னாய்" என்று கேட்டாள் புஸ்பவதி.

"என் பத்ரிக் பக்கத்தில் நின்றான். அவனும் சந்தனம் என்றான். வீட்டுக்கு வந்து, இரண்டு பேரும் சட்டையைத் தனித்தனியாகத் தோய்த்தோம், ஒருவருக்கொருவர் தெரியாமல்."

உள்ளே படுத்திருந்த செல்வராசாவிடம் வைத்தியர் ஒழுங்காகச் சாப்பிடச் சொன்னார். இன்னொரு தடவை இப்படி விழுந்தால் எழும்புவீரோ தெரியாது என்றும் சொன்னார். செல்வராசா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். வைத்தியர் போனதும், "அவர் சொல்லுவார். ஒரு சின்னப் பிராணி, அதுவே சாப்பிடாமல் இருக்குது. எனக்கென்ன வந்தது?" என்றார்.

அந்தக் கேள்வியைப் புஸ்பவதி விடவில்லை. அதுதானே? அது எப்படிச் சாப்பிடாமல் இருக்கிறது?

இதைச் சுவாமிகளிடம் கேட்டுப் பயனில்லை. ஆமை விற்கிறவனிடம் கேட்டாள். வீட்டுக்குப் பக்கத்தில் மீனும் கிளியும் விற்கிற கடை ஒன்று இருந்தது. கைபேசியில் எடுத்த படத்தைக் காட்டினாள். கடைக்காரர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்துச் சிரித்தார்.

"நாறுகிற ஆமை. அதற்குப் பெயரே அதுதான். இதற்கு மேல் பெரிதாக வளராது. பயந்தால் நாற்றத்தை விடும். யாராவது தூக்குகிறார்களா?"

"ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லாரும்."

"பாவம். தண்ணீர் எத்தனை பாகை சூடு?"

"தெரியாது. ஒருநாள் தீர்த்தம் என்று கையில் ஊற்றினார்கள். விரல் விறைத்துவிட்டது."

"பிறகு எப்படிச் சாப்பிடும்?" என்றார் கடைக்காரர். "இதற்கு உடம்புச் சூடு என்று சொந்தமாக ஒன்றும் கிடையாது. தண்ணீரின் சூடுதான் இதன் சூடு. குளிரில் தின்றால் செரிக்காது, வயிற்றுக்குள் அழுகிவிடும். அதனால் தின்னாது. இது விரதமில்லை சின்ஞோரா, குளிர். அதுவும் அரைகுறைக் குளிர். நன்றாக உறங்கவும் விடாது, விழித்திருக்கவும் விடாது. இப்படியே விட்டால் ஒருநாள் செத்துவிடும்."

என்ன கொடுக்க வேண்டும் என்று கேட்டாள். சின்ன இறால், மீன்துண்டு, நத்தை, மண்புழு, ஆமைக்கென்று விற்கிற தீன்மணி என்று அவர் வரிசையாகச் சொன்னார். தினமும் திணிக்கக் கூடாதாம், ஒருநாள் விட்டு ஒருநாள் போதுமாம். ஏறி நின்று உடம்பைக் காயவைக்க ஒரு கல் வேண்டுமாம். "முதலில் தண்ணீரை இருபத்தைந்து பாகைக்குக் கொண்டுவாருங்கள்" என்று சொல்லி, கண்ணாடிக் குழாய் போன்ற ஒரு ஹீட்டரை எடுத்து வைத்தார். "அதற்குப் பிறகு விரலைப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். கடித்தால் விடாது. தண்ணீருக்குள் இறக்கினால்தான் விடும்."

வீட்டுக்கு வந்து, ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியிருந்த கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"கடைக்காரனுக்கு ஆமையைத்தான் தெரியும். சாமியைத் தெரியாது" என்றார் செல்வராசா. ஒரு வாய் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார்.

அவருடைய முதுகெலும்பு சட்டைக்கு மேலால் தெரிந்தது. அன்று புஸ்பவதிக்குக் கோபம் வரவில்லை, பயம் வந்தது. இந்த மனிதர் என் கண்ணுக்கு முன்னால் செத்துப்போகப் போகிறார், காரணம் கேட்டால் ஆமை என்று சொல்ல வேண்டும். சொன்னால் கேட்காதவருக்குக் காட்டித்தான் ஆக வேண்டும்.

ஹீட்டரை மர்லேனிடம் காட்டினாள். மர்லேன் அதை ஒரு வாளித் தண்ணீரில் வைத்துச் செருகினாள். குழாயின் உச்சியில் ஒரு சின்னச் சிவப்பு வெளிச்சம் எரிந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு சமையலறை நிலத்தில் உட்கார்ந்து வயிறு நோகச் சிரித்தார்கள்.

வியாழக்கிழமை புஸ்பவதி தலையில் முக்காடு போட்டுக்கொண்டு கபோவுக்குப் போனாள். சுவாமிகள் தனியாக இருந்தார்.

"சாமி, அண்டைக்கு வாய் தவறிச் சொல்லிப்போட்டன். பரிகாரமா ஒரு விளக்குக் கொண்டு வந்திருக்கிறன். தண்ணிக்குள்ள எரியிற விளக்கு. அணைக்கக் கூடாது எண்டு நேர்த்தி."

சுவாமிகள் குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது கரண்டிலதானே எரியுது?"

"ஓம் சாமி. வயரைப் பூவால மூடிவிடுவம். வாற சனத்துக்கு விளக்குத்தானே தெரியும்."

கிறிகோரியின் கண்களில் பழைய குடை வியாபாரி எழும்பி வந்தார். அன்று மாலையே எல்லாருடைய கைபேசிக்கும் செய்தி போனது. 'நீரில் எரியும் தீபம். தவக்கூர்மத்தின் புதிய அற்புதம். ஞாயிறு அனைவரும் வருக. இறால் பெரிதாக இருக்கட்டும்.'

ஞாயிற்றுக்கிழமை சந்தின் முனைவரை சனம். தொட்டிக்குள் சிவப்புத் தீபம் எரிந்தது. கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஆமையைப் பார்த்துத்தான் அசந்துபோனார்கள். இத்தனை நாள் கல்லுப்போலக் கிடந்தது, அன்று தொட்டியின் இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் கழுத்தை நீட்டிக்கொண்டு ஓடியது.

"ஆனந்த நடனம்" என்றார் சுவாமிகள். "மூண்டு நாளா ஆடுறார்."

விமலராணி அழுதாள். செல்வராசா சுவரில் சாய்ந்துகொண்டு நின்றார். நேராக நிற்க அவருக்குப் பலம் இல்லை.

பூசை தொடங்கியது. சுவாமிகள் பெரிய சிவப்பு இறால் ஒன்றை வாலில் பிடித்து ஆமையின் மூக்குக்கு முன்னால் இறக்கினார்.

இறால் போய்விட்டது. சுவாமிகளின் கையில் வால் மட்டும் இருந்தது.

விமலராணி பழக்கதோசத்தில் மணியை அடித்தாள். "தொடேல்லை, தொ..." என்று தொடங்கிய சனம் பாதியில் நின்றது. தொட்டிக்குள் ஆமை இறாலை முன்னங்கால் நகத்தால் பிடித்துக் கிழித்து விழுங்கிக்கொண்டிருந்தது. 

"சுவாமி தொட்டுப் பார்க்கிறார்" என்றார் கூர்மானந்தர்.

அதற்குள் புஸ்பவதி இன்னொரு இறாலைப் போட்டாள். அதுவும் போனது.

"மணந்து பார்க்கிறார்."

மர்லேன் ஒன்று போட்டாள்.

"அதையும் விழுங்கிட்டுது" என்றார் செல்வராசா, மெல்லிய குரலில். அவருக்கு வாயூறியது.

"சாமி" என்றாள் புஸ்பவதி. "ஆமை விரதம் முடிச்சிட்டுது. இவரும் சாப்பிடலாமோ?"

"இது சாப்பாடில்லை அம்மா. பக்தர்களின்ர கர்மத்தை உள்ளுக்கு எடுக்கிறார்."

"அப்ப இவரும் அப்பிடி ரெண்டு இறாலை உள்ளுக்கு எடுக்கட்டன்."

யாரோ ஒருவர் சிரித்தார். பின்வரிசையில் இன்னொருவர். சிரிப்பு ஒரு கெட்ட வியாதி, ஓர் அறைக்குள் அடைத்துவைக்க முடியாது. சுவாமிகளுக்குக் கோபம் ஏறியது. ஆமையின் வாயிலிருந்து மிச்ச இறாலைப் பிடுங்கக் கையைத் தண்ணீருக்குள் விட்டார்.

தண்ணீர் இருபத்தைந்து பாகை. ஆமை கிறிகோரியின் சுட்டுவிரலைக் கவ்வியது.

அவர் கையை உயர்த்தினார். ஆமையும் உயர்ந்தது. உதறினார். ஆமை விடவில்லை, நாற்றத்தைத்தான் விட்டது. "மாதாவே, என்ர மாதாவே" என்று அலறிக்கொண்டு சுவாமிகள் அறையைச் சுற்றி ஓட, சனம் மூக்கைப் பொத்திக்கொண்டு சுவரோடு ஒட்டியது. அன்று ஒருவரும் சந்தனம் என்று சொல்லவில்லை.

புஸ்பவதி அவருடைய மணிக்கட்டைப் பிடித்துத் தொட்டிக்குள் அமுக்கினாள். தண்ணீர் பட்டதும் ஆமை விட்டுவிட்டு இறாலுக்குத் திரும்பியது. மனித விரலைவிட இறால் ருசி போலும்.

"ஐஸ் கொண்டு வாங்கோ" என்று யாரோ கத்தினார்கள். பின்னறைக் கதவுக்குக் கிட்ட நின்றவர் செல்வராசா. அவர் தள்ளாடிக்கொண்டு உள்ளே போனார். ஃப்ரீசரைத் திறக்கிற சத்தம் கேட்டது. ஐஸ் வரவில்லை. செல்வராசாவும் வரவில்லை.

"போகாதேங்கோ, அங்கை ஒருத்தரும் போகக் கூடாது" என்றார் கிறிகோரி, விரலைச் சப்பிக்கொண்டு. அவர் அதைச் சொல்லாமல் விட்டிருந்தால் சனம் போயிருக்காது.

உள்ளே ஃப்ரீசரின் மூடி திறந்தபடி இருந்தது. கடலில் விட்டதாகச் சொன்ன இறாலும் வாள்மீனும் பை பையாக அடுக்கியிருந்தன. விமலராணி மஞ்சள் நூல் கட்டிக் கொடுத்த பைகள் மேலேயே கிடந்தன. மேசையில் ஒரு தட்டில், பச்சைத் தண்ணீர் மட்டும் குடிக்கிற சுவாமிகளின் மத்தியானச் சாப்பாடு. வெங்காயம் போட்டுப் பொரித்த இறால். அதற்கு முன்னால் செல்வராசா உட்கார்ந்து நிதானமாகத் தின்றுகொண்டிருந்தார். கண்ணீர் தாடையால் வழிந்து தட்டில் விழுந்தது.

"இஞ்சை வந்து பாருங்கோ" என்றார் வாய் நிறைய. "நான் பட்டினி கிடந்தது இதுக்குத்தான்."

புஸ்பவதி பக்கத்தில் இருந்த பாணை எடுத்துப் பிய்த்து அவருடைய தட்டில் வைத்தாள்.

பிறகு நடந்தது கொஞ்சம் வெட்கக்கேடு. ஏமாந்ததற்குக் கோபப்பட்ட நேரத்தைவிட, எந்தப் பை யாருடையது என்று சண்டை பிடித்த நேரம் அதிகம். அந்தச் சந்தடியில் கிறிகோரி காவியைக் கழற்றிக் கதிரையில் போட்டுவிட்டு நழுவிவிட்டார். இப்போது கத்தானியாப் பக்கம் போயிருக்கிறார் என்கிறார்கள். அங்கே ஓர் எரிமலை இருக்கிறது. புகையும் வருகிறது. கத்தானியாத் தமிழர்கள் கவனமாக இருப்பது நல்லது.

ஆமையைப் புஸ்பவதி வீட்டுக்குக் கொண்டுவந்தாள். வெயில் விழுகிற சன்னலோரம் ஒரு கண்ணாடித் தொட்டி, ஏறி நிற்க ஒரு கல். ஒருநாள் விட்டு ஒருநாள் செல்வராசா அதற்குத் தீன் போடுகிறார். போட்டுவிட்டுத் தானும் சாப்பிடுகிறார். அவருடைய சீனி அளவாக இருக்கிறது. நிரோசினியின் பெர்மெஸ்ஸோ சித்திரையில் வந்தது. விரதம் பிடித்தவர்களுக்கும் வந்தது, மூன்று வேளையும் மூக்குமுட்டச் சாப்பிட்டவர்களுக்கும் அதே கிழமைதான் வந்தது.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் கிறிகோரி ஓடியதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கதவு மணி அடித்தது. புஸ்பவதி திறந்தாள். வாசலில் விமலராணி. அவளுக்குப் பின்னால் படிகள் நெடுகப் பெண்கள். கையில் எலுமிச்சம்பழம், பூ, கற்பூரம்.

"அக்கா, அந்தத் தண்ணி விளக்கு உங்களிட்டைத்தானே இருக்கு?" என்றாள் விமலராணி, குரலைத் தாழ்த்தி. "சாமி பொய்தான், விளங்குது. ஆனால் பொய்ச் சாமியைப் பிடிச்சுக் குடுத்தது அந்த விளக்கெல்லோ. அதுக்கு ஏதோ சக்தி இருக்கு. ஒருக்கால் தொட்டுக் கும்பிட்டிட்டுப் போறம்."

புஸ்பவதி அவளைப் பார்த்தாள். படிகளில் நின்றவர்களைப் பார்த்தாள். உள்ளே செல்வராசா தீன்மணி போடுகிற சத்தமும், ஆமை தண்ணீரை அடிக்கிற சத்தமும் கேட்டன.

"ஆமைக்குத் தண்ணியைச் சூடாக்கினன், முழிச்சிட்டுது" என்றாள். "உங்களுக்கு நான் எதைப் பிள்ளை சூடாக்கிறது?"

கதவைச் சாத்தினாள்.